வெள்ளை தனி, கலர் தனி

வெள்ளைத் துணியையும் கலர்த் துணியையும் ஒரே சாக்கில் போடுவது எனக்குப் பிடிக்காது. இது எங்கள் வீட்டுப் பழக்கம். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் அப்பா ரத்தினசாமி நடத்தும் பனியன் கம்பெனியில், துணி வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைத் தினமும் கூட்டி அள்ளுவார்கள். அதற்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். வெள்ளை ஒரு சாக்கு, கருப்பு ஒரு சாக்கு, பச்சை ஒரு சாக்கு என்று பிரித்துக் கட்ட வேண்டும். கலந்து கட்டினால் வேஸ்ட் எடுப்பவர் வாசலிலேயே திருப்பி இறக்கிவிட்டுப் போய்விடுவார், அம்மா அன்றைக்கு யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே கலர்கள் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது சார். நீங்களும் விசாரணைக் குழுவில் இருக்கும் மற்ற இருவரும் நேற்று என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா இப்படிப் பண்ணுனே?" அவசரமில்லை, நிதானமாக எழுதிக் கொடு என்று ஒரு கட்டு வெள்ளைத் தாளும் தந்தீர்கள். நிதானம் எனக்குப் பிரச்சினையே இல்லை.

என் பெயர் தரணி. நம் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே ஒரு வருடப் பயிற்சியில் பத்தாவது மாதத்தில் இருக்கிறேன். நீங்கள் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் டாக்டர் திருமூர்த்தி. உங்களுக்கே உங்களை அறிமுகப்படுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். வாக்குமூலம் என்றால் யார் எவர் என்று முழுதாக எழுதணும் என்று ஆபீஸ் கிளார்க் சொன்னார்.

ஆப்பரேஷன் கூடத்தின் வாசலில் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கிறது. ஒரு பயிற்சி வருடத்துக்குள் பத்துப் பெரிய மாட்டு ஆப்பரேஷன்களை முதல் கத்தியாக நின்று செய்து, பத்து மாடும் பிழைத்தால், அவர் பெயரை அதில் மஞ்சள் பெயின்டில் எழுதுவார்கள். முதல் கத்தி என்றால் நூல் எடுத்துக் கொடுப்பது, வாலைப் பிடிப்பது போன்ற வேலை அல்ல. கத்தியை மாட்டின் தோலில் முதலில் வைப்பது. இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பலகையில் பதினோரு பெயர்கள். பதினொன்றும் ஆண்கள். நான் முதல் வருடம் கல்லூரியில் சேர்ந்த அன்றே அந்தப் பலகையின் கீழே ஒரு வரிக்கு இடம் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

பயிற்சி தொடங்கிய வாரம் நீங்கள் என்னிடம் சொன்னது உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். "பொம்பளைப் புள்ளைங்க நாய், பூனை பாத்தாப் போதும் கண்ணு. மாட்டு வவுத்துக்குள்ள தோள் வரைக்கும் கைய உடறதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். நான் கையை நீட்டிக் காட்டினேன். எங்கள் வீட்டிலேயே எனக்குத்தான் நீளமான கை. கடையில் எந்தச் சட்டை எடுத்தாலும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றுவிடும். நீங்கள் சிரித்துவிட்டு, "சரி, நம்ம டிபார்ட்மென்ட் சட்டம் ஒண்ணுதான். கேஸைக் கண்டுபுடிச்சுக் கொண்டார்றவங்களுக்குத்தான் முதல் கத்தி" என்றீர்கள். ஆக, சட்டம் உங்களுடையது. நான் அதை மீறவே இல்லை.

முதல் கேஸ் தானாக வந்தது. வெள்ளகோவில் பக்கம் மருத்துவ முகாமுக்குப் போனபோது நஞ்சம்மாள் என்ற அம்மாவின் பசு, நாலு நாளாக அசை போடாமல் கண் செருகி நின்றது. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் என் முஷ்டியை வைத்து அழுத்தினேன். பிசைந்த மாவில் அழுத்தியது போல் பள்ளம் அப்படியே நின்றது. உள்ளே செரிக்காத ஏதோ அடைத்திருக்கிறது. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரக் குப்பையில் கொட்டும் பனியன் துணி. உப்புச் சத்துக் குறைந்த மாடு துணியை மெல்லும். மென்றது வயிற்றிலேயே தங்கிவிடும்.

மரப்பு ஊசி போட்டு, மாட்டை நின்ற நிலையிலேயே வயிற்றைத் திறந்து, முதல் இரைப்பைக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பாலித்தீன் பை, செருப்பு வார், ஒரு முழக் கம்பி, கோணி, எல்லாக் கலரிலும் பனியன் துண்டுகள். எடுக்க எடுக்க வந்தது. நம் ஆஸ்பத்திரி உதவியாளர் கன்னையன் வாளியை எட்டிப் பார்த்து, "சலவை பண்ணுனா ஒரு குடும்பத்துக்கே ஜட்டி பனியன் தெச்சரலாமுங்க" என்றார். மூன்றாம் நாள் அந்தப் பசு அசை போட்டது. நஞ்சம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீயில்லீனா என்ற மாடு போயிருக்குஞ் சாமி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததே இல்லை. இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் இந்தச் சந்தோஷத்துக்காகத்தான்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு கேஸ்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு அடுத்த ரோல் நம்பர் சசிகுமாருக்கு மட்டும் வாரம் ஒன்று வந்தது. அவன் டீ குடிக்க நின்ற இடத்தில்கூட ஒரு மாடு வயிறு உப்பி நிற்கும். நல்ல பையன். கை மட்டும் கொஞ்சம் குட்டை. அவனுக்கு நாலு ஆனபோதும் எனக்கு ஒன்றுதான். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். நான் உட்கார்ந்து யோசித்தேன்.

நம் ஜில்லாவில் ரோட்டில் மேயும் மாடு என்றைக்காவது ஒருநாள் பனியன் துணியைத் தின்னத்தான் போகிறது. எப்போது தின்னும், எவ்வளவு தின்னும், அதோடு என்ன கம்பியைச் சேர்த்துத் தின்னும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர்கள் நாட்டு வைத்தியம் பார்த்து, விளக்கெண்ணெய் ஊற்றி, கடைசியில் கொண்டுவரும்போது பாதி உயிர்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, சுத்தமான துணியை, அளவோடு, ஒரு டாக்டரின் மேற்பார்வையில் தின்றால், சரியான நாளில் சரியாக எடுத்துவிடலாம். அந்த வீட்டுக்காரர்களும் அதன்பின் ஜென்மத்துக்கும் மாட்டைக் குப்பைப் பக்கம் விடமாட்டார்கள். தடுப்பூசி என்பதே இதுதானே சார். நோயைக் கொஞ்சமாகக் கொடுத்து நோயைத் தடுப்பது. இரண்டாம் வருடப் பாடம்.

சத்து உருண்டை என்று பெயர் வைத்தேன். காங்கேயத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கு, கம்பு மாவு, வெல்லம், தாது உப்பு. இதெல்லாம் உண்மையிலேயே சத்துதான். என் உருண்டை தின்ற மாடுகளின் தோல் மினுமினுப்பை நீங்களே ஒருமுறை மெச்சினீர்கள். நடுவில் ஒரு முழத் துணியைச் சுருட்டி வைத்து உருட்டுவேன். மாடு முதலில் விழுங்கிவிட்டு அப்புறம் சாவகாசமாக அசை போடும் ஜாதி. இனிப்பு வாசனைக்கு ஒரு வாயில் போய்விடும். காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு மாட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். வாரம் ஒரு தூக்குவாளி நிறைய உருட்டிக் கொண்டுபோய் வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்துவிடுவேன். அவர்களே தங்கள் கையால் ஊட்டினார்கள்.

துணிக்கு எங்கே போவது என்ற கேள்வியே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "கட்டிங் வேஸ்ட் எதுக்குக் கண்ணு?" என்றார். "ஆஸ்பத்திரிக்குங்கப்பா" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது. எந்தச் சாக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். நான் ஒரு மாட்டுக்கு ஒரு சாக்கு என்று எடுத்துவந்தேன். ஒரு சாக்கைப் பாதியில் விட்டு இன்னொன்றைப் பிரிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

மாடுகளைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். சினை மாடு கூடாது. கிழ மாடு கூடாது. கன்று சின்னதாக இருந்தால் கூடாது. நல்ல திடமான, வீட்டுக்காரர் பாசமாக வைத்திருக்கிற மாடு மட்டும். பாசம் இருந்தால்தான் அசை போடாத அன்றைக்கே போன் பண்ணுவார்கள். எல்லோரிடமும் என் நம்பர் இருந்தது. போன் வந்ததும் போவேன். விலாக் குழியில் முஷ்டியை வைப்பேன். "பயப்படாதீங்க, நானிருக்கேனுங்க" என்பேன். வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவருவேன். கத்தியை நீங்கள் என் கையில் தருவீர்கள்.

எட்டு மாடு அப்படி. நஞ்சம்மாளுடையதையும் சேர்த்து ஒன்பது. ஒன்பதும் பிழைத்தன. எதிலும் சீழ் பிடிக்கவில்லை, எதிலும் தையல் விடவில்லை. ஐந்தாவது மாட்டின்போது நீங்கள் வெளியூர் டாக்டர் ஒருவரிடம் என்னைக் காட்டி, "இந்தப் புள்ளைக்கு மாட்டு வவுத்துக்குள்ள இருக்கறது வெளிய நின்னே தெரியுது" என்றீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெருமையில்தான்.

கண்காட்சி யோசனையும் என்னுடையதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் போலிருக்கிறது. ஒவ்வொரு மாட்டின் வயிற்றிலிருந்தும் எடுத்த துணியை அலசி, காயவைத்து, பெரிய கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கேஸ் நம்பரும் தேதியும் எழுதி ஒட்டி, வராந்தாவில் வரிசையாக அடுக்கினேன். மேலே ஒரு தட்டி: "உங்கள் மாடு எதைத் தின்கிறது தெரியுமா?" முதல் பாட்டிலில் நஞ்சம்மாள் மாட்டின் குப்பை. அடுத்து பச்சை. அடுத்து கருப்பு. அப்புறம் நீலம், மஞ்சள், ரோஸ் என்று வரிசை. பார்க்கவே ஜவுளிக்கடை ஷோகேஸ் போல இருந்தது. பேப்பர்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். கல்லூரி விழாவில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கையில் கொடுத்தவரும் நீங்கள்தான்.

இனி பாண்டியம்மாள் அக்காவுக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அதைத்தானே எதிர்பார்க்கிறீர்கள்.

பாண்டியக்கா எங்கள் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேஸ்ட் பிரிக்கும் மேஜையில் இருக்கிறார். சிவகங்கைப் பக்கம் ஊர். புருஷன் இல்லை. நெருப்பெரிச்சலில் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். கொட்டகையில் பாதி அவருக்கு, மீதி செவலை என்ற அவருடைய பசுவுக்கு. ஏன் ஒரு திருவிழாவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை என்று யார் கேட்டாலும், "செவலைய எப்படி பஸ்ஸுல ஏத்துறது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாட்டைத் தவிர அவருக்கு இந்த ஊரில் ஒருவரும் கிடையாது.

அவர் மாட்டை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. அவர்தான் வந்து கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு நான் உருண்டை கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, ஊரு மாட்டுக்கெல்லாம் உருண்டை குடுக்குறீய, எஞ் செவலைக்கு மட்டும் கெடையாதா? வாயும் வயிறுமா இருக்கா. அவளுக்குத்தான சத்து வேணும்" என்றார்.

செவலை அப்போது நாலு மாதச் சினை. சினை மாடு என் சட்டத்திலேயே இல்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அப்போது எனக்குப் பத்துக்கு இரண்டு குறைவாக இருந்தது. பயிற்சி முடிய நாலு மாதம்தான் பாக்கி. தவிர, கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முதலாளி மகள் என்று அவர் என்மேல் வைத்திருக்கும் மதிப்பு வேறு. "ஆகட்டுங்கக்கா" என்றேன். அன்று கைக்கு வந்த சாக்கு வெள்ளை.

எட்டு வாரம். நாளைக்கு இரண்டு. நூற்றுப் பன்னிரண்டு உருண்டை. நான் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. அதை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, நானாக எடுத்து வந்து கொடுத்தேன் என்பதையும் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எட்டாவது வாரம் முடிந்த மறுநாள், துறை உத்தரவுப்படி நான் ஆட்டுப் பண்ணைக்கு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். செவலை அந்த இரண்டு நாளில் அசை போடுவதை நிறுத்திவிட்டது. பண்ணையில் சிக்னல் கிடையாது. பாண்டியக்கா எனக்கு ஒன்பது முறை போன் பண்ணியிருக்கிறார். கிடைக்காமல், அந்தப் பக்கம் முகாமுக்கு வந்த நம் வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். வண்டியில் இருந்தது சசிகுமார்.

நான் திரும்பி வந்தபோது செவலை ஆப்பரேஷன் கூடத்தில் நிற்கிறது. சசி கையைக் கழுவிக்கொண்டிருக்கிறான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் அனுபவித்தேன். எட்டு வாரம் நான் உருட்டியது, நான் சுமந்தது, நான் குறித்தது. இவன் வண்டியில் உட்கார்ந்து வந்து கத்தியை வாங்கிக்கொள்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், அது என்ற கேஸுங்க. நாந்தான் அந்த மாட்டை ரெண்டு மாசமாப் பாத்துட்டிருக்கறேன்" என்றேன்.

"கொண்டாந்தது சசிதானே கண்ணு. சட்டம் சட்டந்தான்" என்றீர்கள்.

அப்போதே ஒரு தாள் எடுத்து, செவலை என் கேஸ், முதல் கத்தி எனக்கே சேர வேண்டும் என்று மனு எழுதி உங்கள் மேஜையில் வைத்தேன். நீங்கள் அதைப் படிக்காமல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவப் போனீர்கள். எனக்குக் கிடைத்தது வாளிப் பக்கம். உள்ளிருந்து வருவதை வாங்கி, அலசி, பிரித்துப் போடும் வேலை.

சசி நன்றாகத்தான் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. தோலைச் சுத்தமாகத் திறந்தான். தோள் வரைக்கும் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருந்தான். வெள்ளைத் துணி, பச்சை வைக்கோல் சாற்றில் ஊறி வந்தது. நான் ஒவ்வொன்றாக எண்ணி வாளியில் போட்டேன். சின்ன வயதிலிருந்தே எண்ணாமல் ஒன்றையும் போட எனக்குக் கை வராது. எண்பத்து நாலில் நின்றது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டீர்கள்.

"தேடிட்டனுங்க சார். வேற ஒண்ணுமில்லீங்க" என்றான்.

"முன்னாடிப் பையையும் பாத்தியா?"

"எட்டுன வரைக்கும் பாத்துட்டனுங்க."

எட்டின வரைக்கும் என்பதுதான் விஷயம். முதல் இரைப்பைக்கு முன்னால், தேனடை போல் கட்டம் கட்டமாக இருக்கும் சின்னப் பைக்குக் கை நீளம் வேண்டும். நூற்றுப் பன்னிரண்டில் எண்பத்து நாலு போக இருபத்தெட்டு முழத் துணி அங்கே முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்பது அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை எட்டி எடுக்கிற கையும் அவளிடம்தான் இருந்தது.

நீங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "யாருக்காச்சும் ஏதாச்சும் சந்தேகம் இருக்குதா?" என்று கேட்டீர்கள். என்னையும் பார்த்தீர்கள். எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. இருபத்தெட்டு என்று உறுதியாகத் தெரியும். சந்தேகம் இருக்கிறதா என்றுதான் கேட்டீர்கள், தெரியுமா என்று கேட்கவில்லை. எனவே நான் பேசவில்லை. சசி தையல் போட்டான். கடைசி முடிச்சுக்கு நூலைக் கத்தரித்துக் கொடுத்தது நான்.

செவலை நாலு நாள் இருந்தது. பாண்டியக்கா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, நம் மாட்டுக் கொட்டகையில் அதன் தலைப்பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது என் கையைப் பிடித்தார்.

"பாப்பா, எது வச்சாலும் மோந்து பாக்க மாட்டேங்குறா. ஒன் உருண்டைன்னா திம்பா. ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து குடு பாப்பா."

நான் ஹாஸ்டலுக்குப் போய் ஒன்று உருட்டிக் கொண்டுவந்தேன். அதில் துணி வைக்கவில்லை. நான் அந்த அளவுக்கு மோசமானவள் இல்லை. செவலை அதை மெல்ல நக்கியது. பிறகு என் கையையும் நக்கியது. தின்னவில்லை. அடுத்த நாள் காலை பால் கறக்கிற நேரத்துக்குச் செத்துப்போனது. வயிற்றில் ஆறு மாதக் கன்று. கிடாரி.

பிரேதப் பரிசோதனையில் முன்பையிலிருந்து நீங்கள் எடுத்த வெள்ளைத் துணி இருபத்தெட்டு. நான் எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கன்னையன் எண்ணிச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினேன். அதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும்.

அந்த நேரம் பாண்டியக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், என் கண்காட்சிக்கு எதிரே. அழுது முடித்துவிட்டு, வேறு பார்க்க எதுவும் இல்லாததால் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பேப்பர்காரர்கள் பார்த்தார்கள், வெளியூர் டாக்டர்கள் பார்த்தார்கள், நீங்கள் தினமும் இரண்டு முறை அதைத் தாண்டிப் போனீர்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. எழுந்து வந்து உள்ளே நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், எனக்குப் படிப்பு கெடையாது. பன்னெண்டு வருசமா வேஸ்ட்டுத்தான் பிரிக்கிறேன். குப்பையில மேயிற மாடு கலர் பாத்தா திங்கும்? இந்தப் பாட்டில்ல பூராம் பச்சை. இதுல பூராம் கருப்பு. இதுல நீலம். மொதப் பாட்டிலப் பாருங்க, செருப்பு, கம்பி, அம்புட்டும் கலந்து கெடக்கு. அது மாடு தின்னது. மத்ததெல்லாம் மனுசங்க குடுத்தது."

பிறகு கன்னையன் கையிலிருந்த தட்டில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, தன் முந்தானையால் துடைத்து, ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முடி அளவுக்கு ஒரு நீலக் கோடு.

"இந்த நீலக் கோடு போட்ட வெள்ளை எங்க கம்பெனி ஆர்டரு. இந்தச் சாக்கைக் கட்டுனது நாந்தேன்" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஏதாவது தப்பாகப் பிரித்தால் பார்ப்பாரே, அந்த மாதிரிதான் பார்த்தார்.

"கலந்து போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே பாப்பா" என்றார்.

உண்மைதான் சார். ஒரு பச்சை, ஒரு கருப்பு, ஒரு மஞ்சள் என்று மாற்றி மாற்றி உருட்டியிருந்தால், நடுவில் நாலு பாலித்தீன் பையையும் சேர்த்திருந்தால், இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதை நான் யோசிக்காமல் இல்லை. இரண்டாவது மாட்டின்போதே யோசித்தேன். ஒருநாள் காலை கருப்புச் சாக்கில் பச்சைத் துண்டு ஒன்றைப் போட்டும் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. திரும்ப எடுத்துவிட்டேன். வளர்ப்பு அப்படி. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இத்துடன் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். எட்டு மாடுகளுக்கு நான்தான் துணி கொடுத்தேன். ஒன்பதாவதாகச் செவலைக்கும் கொடுத்தேன். உள்ளே இருபத்தெட்டு இருக்கிறது என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. எதையும் மறுக்கவில்லை.

ஆனால் சில விஷயங்களைக் குழு நியாயமாகப் பார்க்க வேண்டும். நான் கத்தி வைத்த ஒன்பது மாடும் இன்றைக்கு உயிரோடு, பாலோடு, ஊர் ஊராக மேய்ந்துகொண்டிருக்கின்றன. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், நஞ்சம்மாள் இப்போதும் காப்பி போட்டுக் கொடுப்பார். பத்தாவதுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பலகையில் இடமும் இருக்கிறது.

ஆகவே, செவலை என் கேஸ் என்று அன்று நான் உங்கள் மேஜையில் வைத்த மனுவை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, சட்டம் சட்டம்தான். கத்தி வைத்தது சசிகுமார். நான் பிழைக்க வைத்த ஒன்பது மாட்டையும், அவன் கையில் செத்த அந்த ஒரு மாட்டையும் தயவுசெய்து ஒரே சாக்கில் போடாதீர்கள்.